என்பும் எலும்பும்

தமிழ்நாட்டு மருத்துவமனையில் 'எலும்பு முறிவு' என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அதுவே 'என்பு முறிவு'. இரண்டும் தமிழ்ச் சொற்கள்தாம். ஒரே வேரில் கிளைத்தவை.

அந்த வேர் 'எல்'. மலையாளத்தில் எலும்புக்கு இன்றும் 'எல்லு' என்றுதான் பெயர். துளுவில் 'எலு', கன்னடத்தில் 'எலுபு', 'எலுவு', தெலுங்கில் 'எமுக'. தமிழில் அது என்பு, எலும்பு என இரு வடிவம் கொண்டது. பழஞ்செய்யுளில் பெரிதும் ஆண்டது என்பு. பேச்சில் நிலைத்தது எலும்பு. இரும்பின் மெல்லெழுத்து 'இருப்புப்பாதை'யில் வல்லெழுத்தாக வலிப்பது போலவே, என்பும் 'எற்புச்சட்டம்' எனத் தொகைச்சொல்லில் வலிக்கும்.

இச்சொல்லின் ஆழத்தைக் காட்டுவது திருக்குறளின் அன்புடைமை அதிகாரம். அதன் 10 குறள்களில் நான்கில் (72, 73, 77, 80) என்பு வருகிறது. அன்புக்கு எதுகையாக அமைவது மட்டும் காரணமன்று. அன்புடையார் தம் என்பையும் பிறர்க்கென வைத்திருப்பார் என்கிறது ஒரு குறள். உயிர் என்போடு கூடியதே அன்பின் பயன் என்கிறது அடுத்தது. இவ்விரண்டிலும் உரையாசிரியர் பரிமேலழகர் 'உடம்பு' என்றே பொருள் கொள்கிறார். உடம்பைத் தாங்கும் உறுப்பின் பெயர் முழு உடம்புக்கும் ஆகிவந்திருக்கிறது. 77இல் என்பில்லாத உயிர் வெயிலில் காய்கிறது. 80இலோ அன்பு நீங்கிய உடம்பு, தோல் போர்த்த வெறும் என்பாகிவிடுகிறது. கொடையின் எல்லைக்கும் வெறுமையின் எல்லைக்கும் ஒரே சொல்லை வள்ளுவர் நிறுத்துகிறார்.

வடமொழியிலிருந்து வந்த 'அஸ்தி'க்கும் மூலப்பொருள் எலும்புதான். சாம்பல் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் சிதையில் எஞ்சிய எலும்பைப் பொறுக்கிக் கரைப்பதே அஸ்தி கரைத்தல். கிரேக்கத்தின் 'ஆஸ்டியோன்' அதற்கு உறவுச்சொல். அதன் வழிவந்ததே மருத்துவர் சொல்லும் 'ஆஸ்டியோபோரோசிஸ்'.

பேச்சு வழக்கில் எலும்பின் ஆட்சி பெரிது. மெலிந்தவர் 'எலும்பும் தோலுமாய்' இருக்கிறார். துணிவற்றவருக்கு 'முதுகெலும்பு இல்லை'. காசநோய்க்கு 'எலும்புருக்கி' என்று பெயர். எலும்பு பேச்சில் தானே வாழும். என்பை நாம்தான் வாழவைக்க வேண்டும். கலைச்சொல் ஆக்குவோருக்கு இரண்டே அசையில், எளிதில் தொகை சேரும் சொல் அது. இலங்கைத் தமிழர் அதை வகுப்பறையில் வழங்கி வருகிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் எலும்போடு என்பையும் கற்பிக்கட்டும். அப்போது குறளைத் திறக்கும் மாணவருக்கு அந்த நான்கு குறள்களும் உரையின் துணையின்றியே விளங்கத் தொடங்கும்.