உறுதிமொழி எழுதிய தமிழர்

குன்றாண்டார்கோவில் சுற்றுவட்டாரத்தில் சிங்கப்பூர்ச் சம்பாத்தியத்தால் எழுந்த வீடுகள் பல. அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் ஒரு தமிழர் என்பதை அறிந்தோர் நம்முள் சிலரே.

அவர் சின்னத்தம்பி இராஜரத்தினம். 1915-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்தவர். சட்டம் பயில இலண்டன் சென்றவர், போர்க்காலத்தில் எழுத்தாளரானார். ஹங்கேரி நாட்டுப் பெண்மணி பிரோஸ்காவை மணந்தார். போருக்குப் பின் திரும்பிப் பத்திரிகையாளராகி, அரசியலில் இறங்கினார்.

1964-இல் சிங்கப்பூரில் மலாய்க்காரரும் சீனரும் மோதிய கலவரங்களில் பல உயிர்கள் மாய்ந்தன. மறு ஆண்டு மலேசியாவினின்று பிரிந்து நாடு தனித்து நின்றபோது, வெளியுறவு அவர் பொறுப்பாயிற்று. 1980 வரை அப்பொறுப்பை வகித்தார். 1967-இல் பாங்காக்கில் ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்த ஐந்து நாட்டுப் பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர்.

ஆயினும், 1966-இல் அவர் வரைந்த தேசிய உறுதிமொழியே அவர் பெயரை நிலைநிறுத்துகிறது. இனமும் மொழியும் சமயமும் மக்களைப் பிரிக்கலாகாது என்பது அதன் சாரம். கலவரத்தின் காயம் ஆறுமுன் எழுதப்பட்ட அதனைப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் ஓதுகின்றனர்.

அந்நாட்டில் பல இனத்தாரோடு ஒரே மேசையில் உண்ட நம்மவர், விடுமுறையில் ஊர் திரும்பியதும், தேர்பவனி எந்தத் தெருவுக்குப் போகலாகாது என்று வழக்காடுவது ஏன்? கடல் கடந்து பொருள் கொணர்ந்தோம். அந்தப் பாடத்தை மட்டும் அக்கரையிலேயே விட்டுவந்தோமோ?