குருந்தக்கல்லும் கத்தியின் கூரும்

ஆங்கிலேயர் 'கொரண்டம்' என்றழைக்கும் கனிமத்தின் பெயரைச் சற்றே உரசிப் பார்த்தால், உள்ளே நம் 'குருந்தம்' தென்படும். (வடமொழியின் 'குருவிந்தம்' இதற்கு மூத்ததா இளையதா என்னும் வழக்கை மொழியறிஞரிடமே விட்டுவிடுவோம்.) மாணிக்கமும் நீலமும் இக்கனிமத்தின் ஒளிவகைகளே. ஒளி வாய்க்காத குருந்தம் சாணைக்குப் போயிற்று. அதைப் பொடித்து, உருக்கிய அரக்கில் குழைத்து, வட்டாக்கிச் சுழற்றினர் அக்காலக் கைவினைஞர். மணிக்குப் பட்டை தீட்டியதும் எஃகுக்கு மெருகேற்றியதும் அவ்வட்டே.

1798இல் சார்லஸ் கிரெவில் என்பார் இலண்டன் அரச கழகத்தின் இதழில் இக்கல்லைப் பற்றி விரிவாக எழுதினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1891இல், அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் காய்ச்சிப் புதியதொரு பொருளைக் கண்டார். கார்பனும் கொரண்டமும் கலந்தது எனக் கருதிக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. கருத்து பிழையாயினும் பெயர் நிலைத்துவிட்டது. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, ஆங்கில நிறுவனங்களோடு கூடிச் சென்னையில் 'கார்போரண்டம் யுனிவர்சல்' தொடங்கியபோது, குருந்தம் கடல் சுற்றி ஊர் திரும்பியது எனலாம்.

இன்று கடையில் கைச்சாணை தேர்வோருக்கும் இவ்வரலாறு பயன்படும். மோ கடினஅளவில் வைரம் 10, குருந்தம் 9. கார்போரண்டம் இரண்டுக்கும் இடைப்பட்டது. மழுங்கிய வெட்டரிவாளுக்கு விரைந்து அரிக்கும் சொரசொரப்பான கார்போரண்டக் கல் ஏற்றது. சமையல் கத்திக்கு நடுத்தரக் கல்லில் தொடங்கி மென்மையான கல்லில் முடிப்பது முறை. ஒரே கல் வாங்க இயலுமெனில் 1000 எண் குறித்த கல்லே நம் பரிந்துரை. சவரக்கத்தியோ, மிக நுண்ணிய கல்லுக்குப் பின் தோல்வாரிலும் தீட்டப்பட வேண்டும். வனேடியம் மிகுந்த புதுவகை எஃகுகளில் குருந்தத்தினும் கடிய துகள்கள் உண்டு. அவற்றுக்கு வைரத்தூள் பதித்த தகடே தகும்.

விரைந்து சுழலும் உலர் சக்கரத்தில் மெல்லிய அலகை அழுத்துவோரைக் காணும்போது நமக்கு மனம் பதறுகிறது. விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று. பின்னர் எத்தனை தீட்டினும் கூர் நில்லாது. நீர் தெளித்துக் கையால் மெல்லத் தேய்க்கும் கல்லில் இவ்விடர் இல்லை.

பல் வைத்த கருக்கரிவாளை மட்டும் தட்டைக்கல்லில் வைத்துவிடாதீர்கள். பற்கள் தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். அதற்குக் கொல்லரின் அரமே வேண்டும்.