லினக்ஸுக்கு கேம் விற்றவர்கள்

1998ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்காட் டிரேக்கர் என்ற வழக்கறிஞர் கலிஃபோர்னியாவில் ஒரு கம்பெனி தொடங்கினார். வட ஐரோப்பியப் புராணத்தின் குறும்புக்காரத் தெய்வமான லோகியின் பெயரை அதற்கு வைத்தார். தொழிலும் கொஞ்சம் குறும்பானதுதான். லினக்ஸ் என்ற இயங்குதளத்தையே இலவசமாக இறக்கிப் பயன்படுத்துகிறவர்களிடம் கேம்களைப் பெட்டியில் போட்டுக் காசுக்கு விற்பது.

அன்றைய காலத்தை நினைத்துப் பார்த்தால் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்காது. 1999 ஆகஸ்டில் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் விஏ லினக்ஸ் 30 டாலருக்கு வெளியிட்ட பங்கு, முதல் நாள் முடிவில் 239 டாலரைத் தாண்டி நின்றது. லினக்ஸ் என்ற பெயரைப் பலகையில் எழுதி மாட்டினாலே முதலீட்டாளர்கள் வரிசையில் நின்ற காலம் அது.

லோகிக்கு முன்பும் லினக்ஸில் கேம் இருந்தது. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டேவ் டெய்லர் 1994லேயே டூம் கேமை லினக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார். அது வியாபாரம் அல்ல, ஆசைக்குச் செய்தது. ஓடாவிட்டால் கம்பெனியைக் கேட்க முடியாது. ஆனால் அந்த ஆசைக்கும் பின்னாளில் ஒரு பலன் இருந்தது. 1997 டிசம்பரில் டூமின் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டபோது, டாஸ் பதிப்பின் ஒலி நிரல் வேறொருவருக்குச் சொந்தமானதாக இருந்ததால், வெளியே வந்தது லினக்ஸ் பதிப்பின் நிரல்தான். இன்றைக்கு எதிலெதிலோ ஓடுகிற டூம்களில் பலவற்றுக்கும் பூர்வீகம் அதுவே.

டிரேக்கர் கேம் கம்பெனிகளிடம் வைத்த பேரம் எளிமையானது. மூலநிரலைக் கொடுங்கள், உரிமத் தொகை தருகிறோம். போர்ட் செய்வது, பெட்டி அச்சடிப்பது, வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாம் எங்கள் பொறுப்பு. வெளியீட்டாளருக்கு இதில் இழக்க எதுவும் இல்லை. நட்டம் வந்தால் அது முழுக்க லோகியின் தலையில்.

முதல் கேம் ஆக்டிவிஷனின் சிவிலைசேஷன்: கால் டு பவர். விண்டோஸ் பதிப்பு வந்து சில வாரங்களில், 1999 மே மாதத்தில், லினக்ஸ் பெட்டி வெளிவந்தது. பிறகு மித் 2, ரெயில்ரோட் டைகூன் 2, ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3, ஆல்ஃபா சென்டாரி, சிம்சிட்டி 3000, டிசென்ட் 3 என்று மூன்றாண்டுக்குள் ஏறத்தாழ இருபது கேம்கள். 1999 அக்டோபரில் அட்லாண்டாவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் லோகி ஒரு வேடிக்கையான போட்டியும் வைத்தது. வந்த நிரலாளர்களிடம் கால் டு பவரின் மூலநிரலைக் கொடுத்து, 48 மணி நேரத்தில் என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றது. நிரலை மட்டும் வெளியே எடுத்துப் போகக் கூடாது.

போர்ட் செய்வது என்றால் கைக்கு வருகிற வேலை என்ன? விண்டோஸுக்கு எழுதிய கேம், திரையில் படம் வரைய, ஒலி எழுப்ப, விசைப்பலகையைக் கேட்க, எல்லாவற்றுக்கும் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸை அழைக்கும். லினக்ஸில் டைரக்ட்எக்ஸ் கிடையாது. ஒவ்வொரு அழைப்பையும் தேடிப்பிடித்து, அதே வேலையைச் செய்யும் வேறொன்றால் மாற்ற வேண்டும். அதற்குமேல் சில்லறைத் தொல்லைகள். கோப்பின் பெயர் பெரிய எழுத்திலா சிறிய எழுத்திலா என்று விண்டோஸ் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். சுவரின் படத்தை ஓவியர் பெரிய எழுத்தில் சேமித்து, நிரலாளர் சிறிய எழுத்தில் அழைத்திருந்தால், விண்டோஸில் சுவர் வரும், லினக்ஸில் வராது. ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள கேமில் இந்த மாதிரி விடுபட்ட சுவர்களைத் தேடுவதற்கே ஆள் வேண்டும்.

ஒவ்வொரு கேமுக்கும் இதே கூத்தை முதலிலிருந்து ஆட முடியாது. லோகியின் தலைமை நிரலாளர் சாம் லாண்டிங்கா, தாம் முன்பே எழுதத் தொடங்கியிருந்த எஸ்டிஎல் என்ற நிரலகத்தை இதற்குப் பயன்படுத்தினார். திரை, ஒலி, விசைப்பலகை, ஜாய்ஸ்டிக் ஆகியவற்றுக்கு ஒரே வாசல். அடியில் எந்த இயங்குதளம் இருந்தாலும் கேமுக்குக் கவலையில்லை. முப்பரிமாண ஒலிக்கு கிரியேட்டிவ் லேப்ஸுடன் சேர்ந்து ஓப்பன்ஏஎல் பிறந்தது. இரண்டும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிடப்பட்டவை. அந்தக் கம்பெனி செய்ததிலேயே நீடித்து நின்ற காரியம் இதுதான். விற்ற பெட்டிகள் அல்ல.

பெட்டிகள் விற்கவில்லை. குவேக் 3 அரீனாவின் கதையே போதும். 1999 டிசம்பரில் லோகி அதை அழகான தகரப் பெட்டியில் வெளியிட்டது. அதற்குள் விண்டோஸ் பெட்டி கடைக்கு வந்துவிட்டது. விண்டோஸ் குறுந்தகடு வைத்திருப்பவர், லினக்ஸில் ஓடத் தேவையான கோப்பை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளவும் முடிந்தது. பிறகு தகரப் பெட்டியை யார் வாங்குவார்? லினக்ஸ்காரர்களில் பெரும்பாலோர் அதே கணினியில் விண்டோஸையும் வைத்திருந்தார்கள். புது கேம் ஆட அதற்குள் போய்வந்தார்கள். அவர்கள் வாங்கிய பெட்டி விண்டோஸ் கணக்கில்தான் ஏறியது. லினக்ஸுக்குச் சந்தையே இல்லை என்று வெளியீட்டாளர்கள் சொன்னதற்கு இந்தக் கணக்கே சாட்சியானது.

2000ல் டாட்காம் குமிழி உடைந்தது. 2001 ஆகஸ்டில் லோகி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2002 ஜனவரி இறுதியில் கதவை மூடியது. அறிவித்திருந்த டியஸ் எக்ஸ் வெளிவரவே இல்லை.

அடுத்த எட்டு ஆண்டுகள் தனி மனிதர்களின் காலம். லோகியில் வேலை பார்த்த ரயன் கார்டன் அன்ரியல் டோர்னமென்ட் 2004 போன்றவற்றை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். பிரிட்டனில் லினக்ஸ் கேம் பப்ளிஷிங் லோகியின் வழியிலேயே நடந்து மெலிந்தது. 2010 மே மாதம் வந்த ஹம்பிள் இண்டி பண்டில்தான் பேச்சை மாற்றியது. வேர்ல்ட் ஆஃப் கூ, அக்வாரியா முதலிய சிறு கேம்களின் கட்டு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விலையை வாங்குபவரே வைக்கலாம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு வெளிப்படையாகத் தெரிந்தது. சராசரியாக அதிகம் கொடுத்தவர்கள் லினக்ஸ்காரர்கள்! ஓசிக்கு அலைபவர்கள் என்று பெயர் வாங்கியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்திருக்காது. ஆனால் தலைக்கு அதிகம் கொடுத்தார்களே தவிர, தலைகள் குறைவு.

அடுத்து வந்தவர் பெரிய முதலாளி. 2012ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8ஐயும் அதற்குள்ளேயே தன் சொந்தக் கடையையும் கொண்டுவரவிருந்தது. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையால் பிழைக்கும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், விண்டோஸ் 8 கணினி உலகத்துக்கே பேரிடர் என்று மேடையில் சொன்னார். லினக்ஸ்மேல் அவருக்குத் திடீர்க் காதல் வந்ததாக நினைக்க வேண்டியதில்லை. வாடகைக்கு இடம் கொடுத்தவரே போட்டிக் கடை வைக்கும்போது வேறு இடம் பார்க்கிற வியாபாரியின் கணக்கு அது.

வால்வ் முதலில் எடுத்தது லெஃப்ட் 4 டெட் 2. உபுண்டு 12.04ல் முதன்முதலாக ஓடியபோது நொடிக்கு 6 படச் சட்டங்கள் (ஃபிரேம்கள்). பேய் ஒரு அடி வைப்பதற்குள் ஆட்டக்காரர் தூங்கிவிடலாம். நிரலைத் திருத்தி, வரைகலை அட்டை நிறுவனங்களின் டிரைவர்களையும் திருத்த வைத்து, 2012 ஆகஸ்டில் 315 சட்டங்களைத் தொட்டார்கள். அதே கணினியில் விண்டோஸும் டைரக்ட்எக்ஸின் படம் வரையும் பகுதியான டைரக்ட்3டியும் சேர்ந்து தந்தது 270.6. லினக்ஸ் முந்துவதைக் கண்டு விண்டோஸிலும், லினக்ஸ் பதிப்பு படம் வரையப் பயன்படுத்திய ஓப்பன்ஜிஎல்லில் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் வேகம் கூடியது. அதே ஆண்டு சாம் லாண்டிங்கா வால்வில் சேர்ந்தார். லோகி கொட்டிய உழைப்பு பத்தாண்டு கழித்து வேலைக்கு வந்தது.

2013 பிப்ரவரி 14 அன்று லினக்ஸுக்கான ஸ்டீம் முறையாக வந்தது. அடுத்த சில ஆண்டுகள்தான் போர்ட் தொழிலின் பொற்காலம். ஆஸ்பைர் சிவிலைசேஷன் 5ஐக் கொண்டுவந்தது. லண்டனின் ஃபெரல் எக்ஸ்காம், ஏலியன்: ஐசோலேஷன், டூம் ரெய்டர் என்று அடுக்கியது. ஆனால் 2015 நவம்பரில் வந்த, லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் மெஷின் கணினிகள் படுத்துவிட்டன. விண்டோஸில் ஓடும் கேம்களில் ஒரு பகுதிதான் அவற்றில் ஓடியது. ஆட்டக்காரர் இல்லாததால் போர்ட் இல்லை, போர்ட் இல்லாததால் ஆட்டக்காரர் இல்லை. லோகியைத் தின்ற அதே பூதம்.

வால்வ் அப்போது எடுத்த முடிவு, போர்ட் செய்யும்படி யாரையும் கெஞ்சுவதில்லை என்பது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டம் 1993லிருந்தே நடந்துகொண்டிருந்தது. ஃபிலிப் ரீபோலே என்ற இளைஞர், தாம் விரும்பிய நியர்: ஆட்டோமேட்டாவை லினக்ஸில் ஆட வேண்டும் என்பதற்காக, டைரக்ட்எக்ஸ் 11 அழைப்புகளை, லினக்ஸிலும் ஓடும் வல்கன் என்ற வரைகலை முறைக்கு மாற்றும் டிஎக்ஸ்விகேயை எழுதத் தொடங்கியிருந்தார். வால்வ் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. கோட்வீவர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வைனையும் டிஎக்ஸ்விகேயையும் இணைத்து 2018 ஆகஸ்டில் புரோட்டானை வெளியிட்டது. 2022 பிப்ரவரியில் வந்த, லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் கைக்கருவி முழுக்க இதை நம்பியே விற்றது.

புரோட்டானால் போர்ட் தொழில் நொடித்தது. ரஸ்ட் 2019லும் ராக்கெட் லீக் 2020லும் தங்கள் லினக்ஸ் பதிப்புகளைக் கைவிட்டன. இதை வஞ்சகம் என்று கொதித்தவர்கள் உண்டு. ஆனால் லோகியின் பழைய பெட்டியொன்றை இன்றைய லினக்ஸில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரியும். அடியிலுள்ள நிரலகங்கள் மாறிப்போய், தோண்டித் துருவாமல் அது ஓடாது. அதே கேமின் விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் பெரும்பாலும் சிரமமில்லாமல் ஓடிவிடும். லினக்ஸில் நீண்ட நாள் நிலைக்கிற கேம் வேண்டுமானால் விண்டோஸுக்கு எழுது என்ற கிண்டலில் உண்மை உண்டு.

அடைபட்டுக் கிடப்பது ஒரே ஒரு வாசல். பலர் சேர்ந்து ஆடும் கேம்களில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் நிரல்கள் கணினியின் அடிமட்டம்வரை போய்ப் பார்க்க விரும்புகின்றன. லினக்ஸில் அந்த உரிமை அவற்றுக்குக் கிடைப்பதில்லை. 2021 செப்டம்பரில் ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் புரோட்டானுக்கு வழிவிட்டன. ஆனாலும் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஏமாற்று பெருகிவிட்டது என்று சொல்லி, 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் ஆட்டக்காரர்களை வெளியே தள்ளியது. ஈஸி ஆன்டி-சீட்டின் உரிமையாளர் எபிக் கேம்ஸ். லினக்ஸ் ஆதரவை மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்ட அதே எபிக், தன் சொந்த ஃபோர்ட்நைட்டை மட்டும் லினக்ஸில் அனுமதிக்க மறுத்தது.