கண்டிக் கடவையும் கணினிக் காவலும்

கண்டி இராச்சியத்துக்கு அதனைச் சூழ்ந்த மலைகளே மதிலாய் அமைந்தன. தாழ்நிலத்திலிருந்து மேலேறி வரும் வழிகள் சிலவே. அவ்வழிகளில் எல்லாம் காவல் நின்றது. கடுகண்ணாவைக் கணவாயை அடுத்துக் கோட்டையொன்று இருந்த பலனை என்னும் ஊரின் பெயருக்கே சிங்களத்தில் பார்த்திருத்தல் என்பது பொருள்.

இக்காவலின் முறையை விரிவாக எழுதி வைத்தவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் 1660ஆம் ஆண்டில் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டிற் கழித்தவர். அவருடைய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. வழிகள் முட்கதவுகளால் அடைக்கப்பட்டிருந்தன என்றும், தலைநகரிலிருந்து கீழே இறங்குவோர் களிமண்ணிற் பதித்த முத்திரையைக் காட்டினாலன்றிக் கடவையைக் கடத்தல் இயலாது என்றும் அவர் கூறுகிறார். போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய மனித உரு; சுமை தூக்குவோனுக்குத் தோளிற் காத்தண்டும் அதன் இருமுனையிலும் பையும் கொண்ட உரு; வெள்ளையனுக்கு வாளும் தொப்பியும் உடைய உரு. கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை உருக்கள் மண்ணில் இருத்தல் வேண்டும்.

இவற்றிலும் சிறந்த செய்தியொன்றை நொக்ஸ் குறிக்கிறார். நகருக்குள் வருவோரைச் சோதித்தது குறைவு. வெளியே போவோரையே துருவித் துருவிச் சோதித்தனர். இது தலைகீழான காவல் என்று சிலர் நகைக்கலாம். ஆயின் பகைவனின் கைக்குப் போய்ச் சேரும் செய்தி வாயில் வழியாக வெளியே போயே ஆகவேண்டும் அன்றோ? மலைநாட்டார் அதனை நன்கு அறிந்திருந்தனர்.

வீட்டுக் கணினியைக் காத்தவர்கள் இவ்வுண்மையை அறியச் சற்றுக் காலம் சென்றது. நச்சுநிரல் என்பது பெரும்பாலும் கோப்பை அழித்தோ இயக்கத்தைக் கெடுத்தோ தன் வரவை வெளிப்படுத்திவிடும். அதனால் உள்ளே வருவதைத் தடுத்தாற் போதும் எனக் கருதினர். உளவு மென்பொருளோ ஒன்றையும் அழிப்பதில்லை. விசைப்பலகையில் தட்டும் எழுத்துகளையும், கடவுச்சொற்களையும், பார்க்கும் இணையப் பக்கங்களையும் குறித்துக்கொண்டு வெளியே அனுப்பிய வண்ணம் வாளா இருக்கும். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஸ்டீவ் கிப்சன் தம் கணினியில் விளம்பர மென்பொருளொன்று தமக்குத் தெரியாமற் குடியிருப்பதைக் கண்டார். அது தகவலைத் திருடியது என்ற தம் கூற்றை அவர் பின்னர் மீட்டுக்கொண்டார் எனினும், உடையவன் அறியாமல் உட்புகுந்த முறையைக் கண்டித்ததோடு, அத்தகையவற்றை அகற்றும் கருவியொன்றையும் ஆக்கி வழங்கினார். வெளிச்செல்லும் போக்குவரவையும் நிறுத்தி வினவும் தீச்சுவர்கள் வீடுகளிற் பரவியதும் ஏறத்தாழ அக்காலத்திலேதான்.

இவை உள்ளே வருவது எவ்வாறு? இதற்கும் கண்டி வரலாறு விடை தரும். 1805 முதல் ஆங்கில அரசின் தலைமை மொழிபெயர்ப்பாளராயிருந்த ஜோன் டொயிலி மலைநாட்டுச் செய்திகளைத் திரட்டியது படைவீரரைக் கொண்டன்று; பிக்குகளும் வணிகரும் போன்று, எவ்வழியும் ஐயமின்றிச் செல்லத்தக்கவர் வாயிலாகவே. துறவுக் கோலத்தில் ஒற்றர் உலவுவர் என்பது திருவள்ளுவர் காலத்திலேயே அறிந்த செய்தி. இன்று விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளின் உடன்வரவாக வேண்டாதன வருகின்றன; நிறுவும்போது முன்னரே அடையாளமிட்ட சிறு கட்டங்களைக் கவனியாது அடுத்து, அடுத்து என்று அழுத்துவோர் தாமே அவற்றுக்குக் கதவு திறக்கின்றனர். 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத்தட்டுகளே கணினிக்குள் மறைமென்பொருளைப் புகுத்தின என்பதை மார்க் ருசினோவிச் வெளிப்படுத்தியபோது உலகம் திகைத்தது. அந்நிறுவனம் தட்டுகளை மீட்டெடுக்க நேர்ந்தது. காவலாள் வேடத்தில் வந்த கள்வரும் உளர்: உம் கணினியில் நோய் உண்டு என்று அச்சுறுத்திப் பணம் பறித்த வின்ஃபிக்சர் போன்றவற்றின் மீது அமெரிக்க அரசு 2008இல் வழக்குத் தொடுத்தது.

ஐயம் எல்லை கடப்பதும் தீங்கே. 1814இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியிலிருந்து வந்த துணி வணிகர் பதின்மரை ஒற்றர் எனக் கருதிக் கண்டி அரசு உறுப்புக் குறைத்துத் தண்டித்தது, எழுவர் மாண்டனர். எஞ்சியோர் கொழும்பை அடைந்த கோலமே போருக்கு ஏதுவாகக் காட்டப்பட்டது. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. உயிரிழப்போடு ஒப்பிடத்தக்கதன்று எனினும், 2010 ஏப்ரல் 21இல் மக்அஃபி என்னும் காவல் மென்பொருள் வின்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாக் கோப்பொன்றைப் பகையென மயங்கி ஒதுக்க, எண்ணற்ற கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்து பயனற்றுக் கிடந்தன. பெயர் விளங்காத கோப்பையெல்லாம் தாமே அழிக்க முற்படுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

கணினி காரணமின்றி மந்தமுறின், உலாவியின் முதற்பக்கம் தானே மாறின், விளம்பரங்கள் அழையாது தோன்றின், முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்தல் வேண்டும். வெளிச்செல்லும் வழி அடைபட்டால் ஒற்றன் வாயிழந்தவனாவான். பின்னர் நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலையும் உலாவியின் நீட்சிகளையும் பார்த்து, தெரிந்து நிறுவாதனவற்றை முறைப்படி நீக்குக. வின்டோசுடன் வரும் டிஃபெண்டரின் முழுச் சோதனையையும், தேவையாயின் இயங்குதளம் எழுமுன் நிகழும் சோதனையையும் நடத்துக. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்களைத் தூய்மையான வேறொரு கருவியிலிருந்து மாற்றுக. நோயுற்ற கணினியிலேயே மாற்றினால், புதிய சொல்லும் அவ்வொற்றனிடமே போய்ச் சேரும். நாளாந்த வேலைக்கு நிருவாகி உரிமையற்ற கணக்கைப் பயன்படுத்துவதும் களிமண் முத்திரை போன்றதொரு தடையே. வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. அதனை இன்னும் வைத்திருப்போர் வேறு ஏற்பாடு செய்தல் வேண்டும்.

பிறர் கணினியை அனுமதியின்றி அணுகுதல் இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி தண்டிக்கத்தக்கது. ஆகவே உளவு மென்பொருளால் பணமோ தகவலோ இழந்தவர்கள், கணினியைத் துடைத்துத் தூய்மை செய்யுமுன், திரையிற் கண்டவற்றைப் படமெடுத்தும் நாளும் நேரமும் குறித்தும் வைத்துக்கொண்டு பொலிசாரிடம் முறையிடலாம்.