சேவைக்குச் சம்பளமா?

எங்கள் தெருவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண் இங்கே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வாரத்துக்கு எட்டு மணி நேரம் பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்குப் போய் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தருகிறாள். "இதுக்கு சம்பளம் வருது அங்கிள்" என்றாள். அவள் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சேவைன்னா சேவை. அதுக்கு என்ன சம்பளம்?"

நான் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கொசுவர்த்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் திருப்பதியில் பி.காம். படித்தேன். (அப்போது திருப்பதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 2022-இல்தான்.) வகுப்பில் பாதிப் பேர் என்.எஸ்.எஸ். வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, நடுவில் ஒரு கிராம முகாம். முடித்தால் சான்றிதழ். என் பெஞ்சு நண்பன் சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பையன். சாயங்காலம் ஆனால் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார வேண்டும். அந்தக் காசில்தான் மெஸ் பில் கட்டினான். முகாமுக்குப் போனால் வேலை போய்விடும். வரவில்லை என்று பெயரை அடித்துவிட்டார்கள். கிராமத்துக்குப் போய் வாய்க்கால் தூர்வாரிய நாங்கள் எல்லாம் டவுன் பையன்கள். கிராமம் தெரிந்த ஒரே ஆள் லாட்ஜில் யாத்திரிகர்களுக்கு ரூம் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சொந்தக் கதை போதும். இந்த என்.எஸ்.எஸ். எப்படி வந்தது என்று தேடிப் படித்தால், ஆரம்பத்திலேயே நம்ம ஊர்க்காரர் ஒருவர் நிற்கிறார்: டாக்டர் ராதாகிருஷ்ணன். 1888-இல் திருத்தணியில் பிறந்தவர். அந்தத் திருத்தணி 1911-இல் புதிதாக உருவான சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து, 1960-இல்தான் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அப்பா ஜமீனில் சின்ன வருவாய் உத்தியோகம். பையன் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூர் ஊரிஸ் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று உதவித்தொகையை நம்பியே படித்தார். தத்துவம் எடுத்ததுகூட, உறவுக்காரப் பையன் ஒருவன் படித்து முடித்த புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததால்தான் என்பார்கள்.

அவர் தலைமையில் 1948-49-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, கல்வி நிலையங்களில் தேசிய சேவை வேண்டும், ஆனால் விருப்பப்பட்டவர்கள் மட்டும் செய்யட்டும் என்றது. 1958-இல் நேருவுக்கு, பட்டம் வாங்கவே சமூக சேவையை நிபந்தனையாக்கலாமா என்று ஒரு யோசனை. அதைப் பரிசீலிக்க 1959-இல் போட்ட குழுவின் தலைவர் சி.டி.தேஷ்முக். வங்கிக்காரனான எனக்கு இந்த இடத்தில் ஒரு சின்ன சந்தோஷம்: ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர், பிறகு நிதி மந்திரியாகவும் இருந்தவர். பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போக விரும்புகிற எல்லோருக்கும் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை கட்டாய சேவை என்று அவர் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை அப்படியே நின்றுபோனது. முக்கியக் காரணம் செலவு.

கடைசியில் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு என்.எஸ்.எஸ். ஆரம்பமானது. ஆரம்பித்து வைத்த கல்வி மந்திரி வி.கே.ஆர்.வி.ராவ், பெரிய பொருளாதார நிபுணர். அரசு கொடுத்த பணம் நிகழ்ச்சிச் செலவுக்குத்தான், மாணவன் கைக்கு இல்லை. நேரத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை ஏழைப் பையன்தான் கட்டுகிறான் என்ற கணக்கு மட்டும் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

இங்கே அமெரிக்காவில் அந்தக் கணக்கைப் போட்டவர் லிண்டன் ஜான்சன். அவரும் கஷ்டப்பட்ட பையன். டெக்சாஸில் கல்லூரிச் செலவுக்காக அங்கேயே துப்புரவு வேலை செய்தவர். பணம் போதாமல் நடுவில் படிப்பை நிறுத்தி, 1928-இல் கொடுல்லா என்ற ஊரில் ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராகப் போனார். 1935-இல், ஏழை மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை கொடுத்துப் படிக்க வைத்த தேசிய இளைஞர் நிர்வாகத்துக்கு டெக்சாஸ் இயக்குநர். ஜனாதிபதியானதும் 1964-இல் போட்ட வறுமை ஒழிப்புச் சட்டத்திலேயே 'வொர்க் ஸ்டடி' வந்துவிட்டது. குடும்ப வருமானம் பார்த்துத் தகுதி. பொதுவாகச் சம்பளத்தில் முக்கால் பங்கு வரை மத்திய அரசு தரும், மீதி கல்லூரியோ வேலை தரும் இடமோ. கல்லூரிக்கு வரும் இந்தப் பணத்தில் குறைந்தது 7 சதவீதம் சமூக சேவை வேலைகளுக்குப் போக வேண்டும். நம் தெருப் பெண் செய்வது அதுதான்.

நம் குடும்பங்களுக்கு இரண்டு விஷயம். இது குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைகளுக்குத்தான். எஃப்-1, எச்-4 விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. இதில் சம்பாதிக்கும் பணம் அடுத்த உதவித்தொகைக் கணக்கில் வருமானமாகச் சேராது. தெரியாமல் பலர் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

நம்ம பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆந்திராவில் 2019-இல் சுமார் 50 வீட்டுக்கு ஒரு இளைஞர் என்று கிராமத் தன்னார்வலர்களை வைத்து, மாதம் 5,000 ரூபாய் கொடுத்தார்கள். கட்சி அரசியல் புகுந்துவிட்டது என்ற புகாரும் கூடவே வந்தது. 2024-இல் ஆட்சி மாறிய பிறகு அது தொடரவில்லை. தமிழ்நாட்டில் 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். இரண்டுமே கஷ்டப்படும் கல்லூரி மாணவர்களுக்கென்று போட்ட திட்டம் இல்லை. மாணவர்களுக்கென்று ஆந்திரா 2020-இல் கொண்டுவந்தது வேறு: டிகிரி படிப்பில் 180 மணி நேர சமூக சேவைப் பணி கட்டாயம். பாடத்தில் கிரெடிட் உண்டு, சம்பளம் இல்லை.

லாட்ஜ் நண்பன் இப்போது சித்தூரில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். அவன் மகள் 2022-இல் இந்த 180 மணி நேரத்தை முடித்தாள். கிராமம் கிராமமாகப் போய் சர்வே எடுத்தாளாம். "நல்லா பண்ணினாடா" என்று போனில் பெருமையாகச் சொன்னான். பஸ்ஸுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"யாரு குடுப்பா? நான்தான்" என்று சிரித்தான். "எங்கிட்ட இருந்துச்சு. அவகூடப் படிக்கற ஒரு பொண்ணு நடந்தே போச்சாம்."