காக்க வந்த காற்றுப்பை

1933இல் யப்பானின் ஷிகா மாகாணத்தில் நெசவுத் தொழிலகமாகத் தோன்றியது தகாட்டா நிறுவனம். பரசூட் கயிறு நெய்த அந்நிறுவனம், 1960இல் இருக்கைப் பட்டிகளையும் பின்னர் எயார் பாக் எனப்படும் காற்றுப்பைகளையும் தயாரிக்கலாயிற்று.

மோதலின்போது காற்றுப்பையை விரியச்செய்யும் வாயுவை உண்டாக்க, தகாட்டா மலிவான அமோனியம் நைத்திரேற்றைத் தெரிந்தெடுத்தது. நீண்டகால வெப்பமும் ஈரலிப்பும் அவ்வேதிப்பொருளைச் சிதைத்தன. சிதைந்த பொருள் மிதமிஞ்சிய வேகத்தில் எரிந்தபோது உலோகக் கூடு வெடித்தது. அதன் துண்டுகள் சாரதியின் கழுத்தையும் முகத்தையும் துளைத்தன. உயிர்காக்கவென வைத்ததே உயிர்குடித்தது.

2008 நவம்பரில் ஹொண்டா முதன்முதலாக ஏறக்குறைய 4,000 கார்களை மீள அழைத்தது. மறு ஆண்டே ஒக்லஹோமாவில் ஓர் இளம்பெண் பலியானார். அமெரிக்காவில் மட்டும் மீள அழைக்கப்பட்ட காற்றுப்பைகள் ஏறத்தாழ 6 கோடி 70 இலட்சம். பரிசோதனைத் தரவுகளைத் திரித்த வழக்கில் 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட தகாட்டாவுக்கு 100 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டே அது வங்குரோத்தடைந்தது.

யப்பானில் பாவித்த கார்கள் பெருமளவில் ஓடும் இலங்கையும் வெப்பமும் ஈரலிப்பும் மிகுந்த நாடே. மீளழைப்புக் கடிதமோ பதிவேட்டிலுள்ள பழைய உரிமையாளரையே தேடிச் செல்லும். கைமாறிய காரை வாங்கியவர், சேசிஸ் இலக்கத்தைக் கொண்டு தாமே விசாரித்தறிதல் வேண்டும்.