படர்தாமரைக்கு எக்ஸ்ரே - தலைமுடியோடு போகாத ஒரு கதை

படர்தாமரைக்கு ஆங்கிலத்தில் ரிங்வார்ம் என்று பெயர். பெயரில் புழு இருக்கிறதே தவிர நோயில் புழு கிடையாது. அது ஒரு பூஞ்சை. 1840களில் பாரிஸில் இருந்த டேவிட் குரூபி என்ற ஹங்கேரி நாட்டு டாக்டர் நோயாளிகளின் முடியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து இதை விளக்கமாக எழுதினார். ஆனால் காரணம் தெரிந்த பிறகும் நூறு வருடத்துக்கு மேல் சரியான மருந்து கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் நடந்ததுதான் இந்தக் கதை.

உடம்பில் வரும் படர்தாமரைக்கு களிம்பு போதும். தலையில் வந்தால்தான் வம்பு. பூஞ்சை முடியின் தண்டுக்குள்ளும் வேருக்குப் பக்கத்திலும் போய் உட்கார்ந்து கொள்கிறது. மேலே தடவும் எதுவும் அங்கே போய்ச் சேராது. அப்படியானால் முடியையே மொத்தமாக உதிர வைத்துவிட்டால்? அதுதான் அந்தக் கால டாக்டர்களின் கணக்கு. இதற்காக தாலியம் என்ற விஷ உலோகத்தின் உப்பைக்கூட குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 1930ல் ஸ்பெயினின் கிரானடாவில் அப்படிக் கொடுத்த 16 குழந்தைகளில் 14 பேர் இறந்து போனார்கள்.

இதைப் பார்க்கும்போது எக்ஸ்ரே மிகவும் நல்ல பிள்ளையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 கடைசியில். அடுத்த வருடமே வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராயின்ட் ஒரு சிறுமியின் முதுகில் இருந்த ரோமத்தை எக்ஸ்ரேயால் உதிர வைத்துவிட்டார் (புண்ணும் வந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை). 1904ல் பாரிஸில் சபுரோ இதையே தலைப் படர்தாமரைக்குப் பயன்படுத்தினார். 1909ல் லண்டனில் ஆடம்சன், தலையை ஐந்து இடங்களாகக் குறித்துக்கொண்டு கதிர் பாய்ச்சும் முறையைச் சீராக்கினார். இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும், பூஞ்சையும் அதோடு போகும், சில மாதத்தில் புது முடி முளைக்கும். உலகம் முழுக்க ஐம்பது வருடம் இதுதான் பாடப்புத்தக வைத்தியம்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தலையில் இந்த நோய் இருந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள். இதன் கொடிய வகையான ஃபேவஸ் இருந்தால் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவர்களைக்கூட எல்லிஸ் தீவிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். ஒரு பிள்ளையின் தலையில் இருக்கும் பூஞ்சை ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே நிறுத்தி வைக்கும் நிலைமை.

1948ல் இஸ்ரேல் உருவானதும் மொராக்கோ, ஏமன், ஈராக் போன்ற நாடுகளிலிருந்து யூதக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கின. முகாம்களில் ஒரே நெரிசல். தலையில் படர்தாமரை இருந்த பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து எக்ஸ்ரேக்கு அனுப்பினார்கள். 1960 வரை ஏறக்குறைய 20 ஆயிரம் பிள்ளைகள். பெரும்பாலும் வட ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கிலிருந்து வந்தவர்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்று பெற்றோருக்குப் புரியும் மொழியில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. சில பிள்ளைகளுக்கு ஒரு தடவைக்கு மேலும் கொடுத்தார்கள்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். சிலருக்கு முடி திரும்ப முளைக்கவே இல்லை. அது கண்ணுக்குத் தெரிந்த பாதிப்பு. தெரியாததை வெளியே கொண்டு வந்தவர் பரூக் மோடான் என்ற ஆய்வாளர். சிகிச்சை பெற்ற சுமார் 11 ஆயிரம் பேரையும், சிகிச்சை பெறாத அவர்களுடைய சகோதர சகோதரிகளையும், வேறு ஆட்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கதிர் பட்டவர்களுக்கு மூளைக் கட்டிகளும் தைராய்டு புற்றுநோயும் தெளிவாகவே அதிகம். 1974ல் லான்செட் இதழில் அது வெளியானது. அப்படியும் நஷ்ட ஈட்டுச் சட்டம் வர 1994 ஆகிவிட்டது. நடுவில் இருபது வருடம்!

2004ல் ஒரு டாகுமெண்டரி வந்தது. ஒரு லட்சம் பிள்ளைகள், அமெரிக்கப் பணத்தில் நடந்த ரகசியப் பரிசோதனை என்றெல்லாம் அதற்குப் பிறகு பேச்சு பரவியது. வரலாற்று ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. அது நியாயமாகவும் தெரிகிறது. நியூயார்க்கிலேயே 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதே வைத்தியம் நடந்திருக்கிறது. 1950களில் யுனிசெஃப் உதவியோடு செர்பியா பக்கம் சுமார் 50 ஆயிரம் பேருக்கு நடந்திருக்கிறது. ரகசியச் சதி என்றால் இப்படி ஊரறியச் செய்ய மாட்டார்கள். ஆனால் அந்த முகாம்களில் பெற்றோரை யாரும் கேட்கவில்லை என்ற கோபத்துக்கு சதி எதுவும் தேவையில்லை. அது தனியாகவே நிற்கிறது.

இதில் மனதை மிகவும் உறுத்துவது வேறொன்று. கிரைசியோஃபுல்வின் என்ற மருந்தை லண்டனில் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தது 1939ல். அது படர்தாமரைக்கு உதவும் என்று யாருக்கும் தோன்றவில்லை. செடிகளில் வரும் பூஞ்சை நோய்களுக்குத்தான் அதைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1958ல் கிளாஸ்கோவில் ஜென்டில்ஸ் என்பவர் படர்தாமரை வந்த கினிப்பன்றிகளுக்கு அதை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். குணமானது! விழுங்கிய மருந்து ரத்தம் வழியாகப் போய் புதிதாக வளரும் முடிக்குள்ளேயே சேர்ந்துகொள்கிறது. களிம்பு எட்டாத இடத்துக்கு மாத்திரை போய்விட்டது. அடுத்த ஓரிரு வருடத்தில் எக்ஸ்ரே வைத்தியம் கிட்டத்தட்ட முடிந்து போனது. இஸ்ரேலின் 20 ஆயிரம் பிள்ளைகள் தலை குனிந்து மெஷினுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அத்தனை வருடங்களும் அந்த மருந்து உலகத்தில் இருந்துகொண்டுதான் இருந்தது.